விறகுக்குச் சுற்றிய தாள்

சாயப்பட்டறையில் நான் துணி குடோனுக்குப் பொறுப்பு. கொதிகலனுக்கு விறகு பிளக்க ஒரு பெண் வந்தபோது விறகுக் களத்தையும் என் தலையில் கட்டினார் முதலாளி. அவள் தெற்குச் சீமைக்காரி, தனியாள். ஒரு மாதம் ஆவி குறையாமல் ஓடினால் வேலை நிரந்தரம், பின்பக்கத்து அறையும் அவளுக்கே என்று பேச்சு. பாயையும் பானையையும் முதல் நாளே அந்த அறையில் வைத்துவிட்டாள்.

கோடாலி வாங்க இருவரும் இரும்புக்கடைக்குப் போனோம். நான் எடுத்தது மெல்லிசு, பளபளப்பு. கட்டிங் மாஸ்டரின் கத்தரிபோல வாய்.

"இத வச்சு முருங்கக்கா நறுக்கலாம் சார்," என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

அவள் எடுத்தது கறுத்தது, கனத்தது, கன்னம் புடைத்தது. மெல்லிய வாய் கட்டைக்குள் சிக்கிக்கொள்ளுமாம். தடித்த கன்னம்தான் கட்டையை இரண்டாகத் தள்ளுமாம். காம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மரத்தின் ரேகை நுனிவரை ஓடுகிறதா என்று பார்த்தாள். முரட்டு முடிச்சுகளுக்கு இரண்டு இரும்பு ஆப்பும் எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்தது. துணியைக் காக்கத் தெரிந்தவனுக்கு விறகு எம்மாத்திரம். துணி ரோல் சுற்றி வந்த பாலித்தீன் தாளைக் கொண்டுவந்து, அவள் பிளந்து போட்ட பச்சை விறகைத் தரையோடு சேர்த்துச் சுற்றி, இண்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன்.

"என்ன சார், விறக அமெரிக்காவுக்கா அனுப்பப் போறீய? அடியில கல்லக் குடுங்க, மேல மட்டும் தகரம் போடுங்க. பக்கத்த மூடுனா வேர்த்துரும்."

"எனக்குத் தெரியும்ங்க," என்றேன்.

பத்தே நாள். தாளின் உட்புறமெல்லாம் நீர்முத்து, கட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை. கொதிகலன் புகைந்தது, ஆவி ஏறவில்லை, வெளிர் ரோஸ் துணி லாட் சாயம் ஒட்டாமல் திட்டுத்திட்டாக வந்தது. முதலாளி களத்துக்கே வந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். அவரும் துணிக்காரர்தான். தாளைப் பார்த்தார்; அதில் தப்பொன்றும் அவருக்குத் தெரியவில்லை.

"ஏன் கண்ணு, வெறகு இப்பிடி நசநசங்குது?" என்று என்னைக் கேட்டார்.

பத்தடி தள்ளி அவள் நின்றிருந்தாள். கோடாலி தோளில்.

"துண்டு பெருசா விழுகுதுங்க. அதான் உள்ள காயறதில்ல."

என் குரல்தான். யாரோ லாட் நம்பர் வாசிப்பதுபோல இருந்தது.

"அப்ப வேற ஆளப் பாரு."

அவள் கோடாலியைச் சுவரில் சாய்த்தாள். "அந்தத் தாளப் பிரிச்சு விட்ருங்க சார்," என்றாள். பாயைச் சுருட்டப் போனாள். நான் போய்ச் சாப்பிட்டேன். தயிர்சாதம். உப்பு சரியாகத்தான் இருந்தது. வெட்கம் வரும், வரட்டும் என்று காத்திருந்தேன். மழைதான் வந்தது.

மறுநாள் தாளைக் கிழித்தேன். கல் கொடுத்து, இடைவெளி விட்டு அடுக்கி, மேலே தகரம் மட்டும் போட்டேன். அவள் சொன்னபடியே. நாளாவட்டத்தில் விறகு காய்ந்தது, ஆவி ஏறியது.

புதிதாக வந்தவர் உள்ளூர்க்காரர். முதல் கட்டையை ஒரே போடில் பிளந்துவிட்டுக் கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான கோடாலிங்க. வெவரமான ஆளுதான் எடுத்திருக்கோணும். ஆருங்க?"

"நான்தானுங்க," என்றேன்.