ஓட்டமும் இழுவையும் அறிந்த என் தம்பி

என் தம்பி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. என்னைவிட ஐந்து வயது இளையவர். அவர் பிள்ளைகள் மரியாதையாக எழுதச் சொன்னதால் 'அவர்' என்றே எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். ஆனாலும் தாராவியில் தகரக் கொட்டகையில் தொடங்கி, செம்பூரில் சொந்த ஒர்க்ஷாப் போட்டேன். விக்ரோலி முதல் முலுண்ட் வரை என் பெயர் தெரியாத லாரிக்காரர் கிடையாது.

தம்பி பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். அப்பா காலமானதும் நான்தான் பம்பாய்க்குக் கூட்டிவந்தேன். முதல் மழைக்காலம் முழுவதும் டைபாய்டில் கிடந்தார். தேறி எழுந்து என்னோடு வேலைக்கு வந்தார். இரண்டே வருடத்தில், ஓடும் சத்தத்தை வைத்தே இன்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

அறுபதுகளில் ஜூஹு விமானத் திடலில் கார் பந்தயம் நடக்கும். மாட்டுங்கா வக்கீல் ஒருவர் தம் காரை எங்களிடம் கொடுத்தார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சாணை பிடித்து, இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து எடை குறைத்து, அந்தக் காரைப் பறக்க விட்டேன். முதல் பரிசு. எவ்வளவு கடைவது என்று அளவு சொன்னவர் தம்பி, அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வேகத்தில், கல் குவாரி சேட் ஒருவரின் பழைய மிலிட்டரி லாரிக்கும் அதே வேலையைச் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். தம்பி தடுத்தார்.

"அண்ணே, அந்தக் காரு நிக்காம ஓடும். இன்ஜின் வேகமாச் சுத்தும்போது பலம் வந்தாப் போதும். இது கல்லோட மேட்டுல நின்னு கெளம்பணும். மெதுவாச் சுத்தும்போதே இழுக்கணும். இதுக்கு ஓட்டம் வேண்டாம், இழுவைதான் வேணும்."

"ஏல, கப்பு வாங்குன கை இது."

"கப்ப லாரியில கட்டியா இழுக்கப் போறீய?"

நான் கேட்கவில்லை; லாரியிலும் அதையே செய்தேன். எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. மேடு ஏறும் லாரியில் வேலை செய்தவன், முதல் லோடில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அதை ஏற்படுத்தியவனே நான்தான். அன்று பந்தயத்தில் ஜெயித்ததற்காக மாட்டுங்காவில் எனக்கு மாலை போடுகிறார்கள் என்று லாரியைத் தனியே அனுப்பிவிட்டுப் போனேன்.

ஓட்டிப் போனவர் எங்கள் தாராவிக்காரர், சேட்டின் டிரைவர் செல்லையா. சமதரையில் லாரி நன்றாகவே ஓடியது. மேட்டில் பாதி வழியில், எதிரே வந்த வண்டிக்காக நிறுத்தினார். மறுபடி கிளப்பினால் இன்ஜின் அணைந்து அணைந்து போனது. மூன்றாம் தடவை பிரேக் தாங்காமல் லாரி பின்னோக்கிச் சரிந்தது. பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் பாறையில் முட்டி நிறுத்தினார். இடது கை முறிந்தது.

சேட் கேட்டபோது, டிரைவருக்குக் கிளட்ச் விடத் தெரியவில்லை என்றேன். அன்றே செல்லையாவுக்கு வேலை போனது.

தம்பி என்னோடு சண்டை போடவில்லை. மறுநாள் காலை சேட் முன் போய் நின்று, தப்பு டிரைவரிடம் இல்லை, எங்கள் ஒர்க்ஷாப் வேலையில்தான் என்று இந்தியில் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. செல்லையாவை மறுபடி வேலையில் வைத்துக்கொள்ள சேட் ஒப்புக்கொண்டார். குர்லா பழைய சாமான் கடைகளில் தேடி அசல் கேம் ஷாஃப்ட்டும் கனத்த ஃப்ளைவீலும் வாங்கி மாட்டினார். செல்லையாவின் கை கூடும்வரை தாமே அந்த லாரியை ஓட்டி, அவர் வேலையை வேறு ஆளுக்குப் போகாமல் காத்தார். முதல் லோடில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே மேட்டில் நிறுத்திக் கிளப்பினார். லாரி நிதானமாக ஏறியது. தம்பி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு டோம்பிவிலியில் வீடு வாங்கினார்; இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். கடைசியில் நுரையீரல் கெட்டு மூன்று மாதம் படுக்கையில் இருந்தார்.

அவரைக் கவனித்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. வாரந்தோறும் ரயிலேறி வந்து தம்பிக்குச் சவரம் செய்துவிட்டவர் செல்லையா. அவருக்குத் தனியாக நன்றி. கல்யாண வீடுகளில் அந்த லாரிக் கதையை உங்களில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கிளட்ச் விடத் தெரியாத டிரைவர் என்றே சொன்னேன். தம்பி இருந்தால் எழுந்து போய்விடுவார். செல்லையா கிளட்சைச் சரியாகத்தான் விட்டார். லாரியைக் கெடுத்தவன் நான்.