சீ என்றால் ஓம்

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்றைப் பையோடு இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து, லிபெர்த்தா தெருவில் பெரிய வீடுகளைத் துடைத்து, இன்றைக்கு போர்கோ வெக்கியோவில் சந்தைக்கு மேலே சொந்த வீடு வைத்திருக்கிறேன். லிஃப்ட் பழுதான நாளில், நான் வேலை செய்த வீட்டு அம்மா சிஞ்ஞோராவின் உடுப்புத் தோய்க்கிற மெசினைத் தனியாளாக ஆறு மாடி ஏற்றினவன். வேறு எவன் செய்வான்?

அப்படிப்பட்ட என்ர கழுத்துக்குள் கட்டி வந்தது. பின்பக்கத்தால் எலும்பைத் திறந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் சில மாதத்தில் தலை முன்னுக்குச் சரியத் தொடங்கியது. திறந்த எலும்பில் பிடிமானம் போய்விட்டது. கழுத்துப்பட்டியோடு யன்னலோரம் சாய்ந்திருப்பேன். கீழே சந்தையில் மீன்காரன் கூவுகிற சத்தம் தண்ணீருக்குள்ளால் வருவதுபோல் கேட்கும். தலை என்னை விட்டுக் கழன்று, கூரைகளுக்கு மேலால் துறைமுகப் பக்கம் பட்டம்போல் மிதந்து போகும். நான் நூலைப் பிடித்தபடி கீழே இருப்பேன். பயமில்லை, சுகமாகவே இருந்தது.

டாக்டர் பயப்பட்டார். ஆணி வைத்துக் கழுத்தை இறுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கை கால் விழுந்துவிடுமாம். இறுக்கினால் தலை முன்னைப்போல் ஆடாது, திரும்பாது. "சம்மதமா?" என்றார்.

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன், நாங்கள் இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டுவோமே, அப்படி. டாக்டர் பைலை மூடிவிட்டார்.

"அப்பா, வேண்டாம் எண்டு சொல்லுறியள் எண்டு நினைச்சிட்டார்! வாயால சொல்லுங்கோ!" என்றாள் கூட வந்திருந்த மகள்.

விட்டுவிடுவோமா என்று ஒரு கணம் தோன்றியது. தலை பாட்டுக்கு மிதக்கட்டும். அப்போது கையெழுத்துப் போடத் தந்திருந்த பேனை என் கையிலிருந்து விழுந்தது. விழுந்தது எனக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது, விரலில் தெரியவில்லை.

"சீ!" என்று கத்தினேன். இந்த ஊரில் ஓம் என்பதற்கு அதுதான் சொல். வந்த புதிதில் சிஞ்ஞோரா "சீ, சீ" என்றபோது, என்னை அருவருக்கிறா என்று வேலையை விட்டுப் போகப் பார்த்தவன் நான். இப்போது அதே சொல்லைக் கத்துகிறேன். "சீ, சீ, சீ!"

ஆணி வைத்தார்கள். மிதப்பு நின்றுவிட்டது. சில பின்னேரங்களில் அதைத் தேடுகிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

மனுசி அடுப்படியிலிருந்து, "தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டாள். முன்பென்றால் தலையை ஆட்டியிருப்பேன்.

"சீ" என்றேன்.

"என்ன சீ? குடிக்க முதலே சீயோ?"

சிரித்துக்கொண்டே கோப்பையை நீட்டினாள். வாங்கினேன். விரல்களில் நன்றாகச் சுட்டது.