மையத்து வீட்டுச் சோறு

பக்கத்து வீட்டுக்காரரோடு எங்களுக்கு வேலி வழக்கு. கல்முனை நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுபடுகிறது. முகம் பார்த்துக் கதைப்பதில்லை. போன மாதம் அவரைப் பெற்ற உம்மா மௌத்தானார். சாவு விழுந்த மையத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலார்தான் ஆக்கிக் கொடுப்பார்கள். மனைவி சட்டி நிறையச் சோறாக்கினாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெறும் சட்டியோடு திரும்பினால், தொலைக்காட்சியில் காசா. அங்கே நடப்பதை இனப்படுகொலை என்று சொல்லலாமா கூடாதா என்று பெரிய நாட்டுக்காரர்கள் கோட்டும் சூட்டுமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். திரையின் மூலையில், சோற்றுக்குச் சட்டி நீட்டி முண்டியடிக்கும் பிள்ளைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் முடிவெடுக்கலயாம்," என்றேன்.

மனைவி என் கையிலிருந்த சட்டியை வாங்கினாள்.

"வேலி வழக்குத் தீரட்டும் எண்டு இருந்துபோட்டுத்தானா நாம சோறாக்கின?"