நான் இறுக்கிக் கட்டிய கிறிஸ்துமஸ் பெட்டி

நான்கு வருடங்களுக்கு முன்பு, சிவகாசியில், ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம் நடந்தது இது. அப்போது நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். வடநாட்டுக்குப் போகிற லோடு என் கண்ணைத் தாண்டித்தான் லாரியில் ஏறும். எனக்கு வேகமும் அதிகம், வாயும் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். அதில் பொய்யில்லை.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் அசனம் உண்டு. எல்லோரும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். வர முடியாதவர்கள், துணையில்லாதவர்கள் எந்த மதமானாலும் சரி, அவர்கள் வீடு தேடிப் போய்ச் சாப்பாடு கொடுப்பது பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. முந்தின வருடம் பைகளில் கொண்டுபோய், ஆட்டோ குலுங்கியதில் குழம்பு முழுக்க நாங்கள் கட்டியிருந்த புதுச்சேலைகளில் கொட்டி ஒரே கூத்தாகிவிட்டது. அதனால், "இந்தத் தடவை என்கிட்ட விடுங்க" என்று முன்னால் போய் நின்றேன்.

கம்பெனியில் கேட்டுப் புது அட்டைப் பெட்டிகள் வாங்கினேன். டப்பாக்களில் சோறு, கறிக்குழம்பு, ஒரு துண்டு கேக், ஒரு சேலை. எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, டேப்பை மூன்று சுற்று ஒட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, காலால் மிதித்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். பாட்னா வரைக்கும் போனாலும் அசையாது. "கைன்னா இது கை" என்று சங்கத்துப் பெண்கள் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பங்குக்குப் பத்து வீடுகள். விஸ்வநத்தம் போகிற வழியில் ஒரு காலனி. அங்கே ஐந்தாவதாகப் போனது ஒற்றை அறை வீடு. 'வெடிவிபத்தில் பிழைத்தவர், தனியாக இருக்கிறார்' என்று என் தாளில் எழுதியிருந்தது. படித்தேன். படித்ததோடு சரி.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். "வாங்க தாயி, இங்கன உக்காருங்க" என்று ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். மரியாதை தெரியாத ஆள் போலிருக்கிறதே என்று மனசுக்குள் முகம் சுளித்தேன். உட்காரவில்லை. கையிலிருந்த என் பைபிளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, பெட்டியை அவர் காலடியில் வைத்து, நின்றபடியே இரண்டு வரி ஜெபம் செய்தேன். சங்கத்துக் குரூப்பில் போட ஒரு போட்டோ எடுத்தேன். அவரும் சிரித்தார். அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

பத்து வீடும் முடிந்தபோது, அங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதுதான் அந்தக் கட்டிலிலேயே விட்டுவந்த பைபிள் ஞாபகம் வந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

கதவு திறந்தே கிடந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"சாப்பிட்டாச்சு தாயி. குழம்பு நல்லா இருந்துச்சு" என்றார்.

அவருடைய கீழுதட்டில் ரத்தம் கசிந்திருந்தது. அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். தீயில் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கைப் பக்கம் மடங்கிப்போயிருந்தன. பெட்டியை எடுத்துப் பார்த்தேன். கயிறு முழுக்க ஈரம். என் முடிச்சு மட்டும் ஒரு இழைகூடத் தளரவில்லை. கன்னத்தில் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

"ஏன்க்கா, நான் இருக்கும்போதே பிரிச்சுத் தரச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஆட்டோ நிக்குது, நீங்களும் அவசரத்துல இருக்கீக. நல்ல நாளும் அதுவுமா உங்களை எதுக்கு நிப்பாட்டி வைக்கணும்னு விட்டுட்டேன்."

வழக்கமாகப் பக்கத்து வீட்டு அம்மாதான் இவருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவாராம். அன்றைக்கு அவர் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பியபோதும் சோறு வடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "கோயில்ல இருந்து சாப்பாடு வரும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். எங்களை நம்பி, காலையிலிருந்து வெறும் வயிறு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். என் முடிச்சு எனக்கே மசியவில்லை. வீட்டில் கத்தி கிடையாது, அவரால் பிடிக்க முடியாது என்பதால் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் என் வீட்டுச் சாவியின் பல்லை வைத்து ரம்பம் மாதிரி அறுத்தேன். கண்ணில் நீர் முட்டிக் கயிறே சரியாகத் தெரியவில்லை.

"நீங்க பேக்கிங்ல இருக்கீகளோ?" என்று கேட்டார்.

"எப்படிக்கா தெரியும்?"

"நானும் எட்டு வருசம் பேக்கிங்ல இருந்தவதான. முடிச்சைப் பார்த்தாத் தெரியாதா. அம்புட்டு சுத்தமா கட்டியிருக்கீக."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பாராட்டினார். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் வேலை செய்த அறைக்குப் பக்கத்து அறையில்தான் தீப்பிடித்ததாம். இன்னொரு பெண்ணை வெளியே இழுக்கப் போய்க் கைகள் இப்படி ஆகிவிட்டன என்று, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அட, விடுங்க. சோறு ஆறிப்போகுது."

தட்டு எடுக்க எழுந்தபோது அலமாரியில் ஒரு கம்பளியைப் பார்த்தேன். எங்கள் சங்கம் அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருந்தது. அந்த ஜிப்பையும் அவரால் இழுக்க முடிந்திருக்காது. உறையிலிருந்து எடுத்து உதறிக் கட்டிலில் விரித்தேன்.

ஊட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் தாயி, கரண்டியை மட்டும் இங்கன சொருகி விடுங்க" என்று வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை இருந்தது. அதில் கரண்டியைச் சொருகினேன். சோற்றைப் பிசைந்து, கறியை எலும்பு நீக்கிப் போட்டேன். அவர் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்பிட்டீகளா?"

"இனிமேதான்க்கா. வீட்ல போய்."

"ஒத்தையில சாப்பிட்டுச் சாப்பிட்டு சோறே கசந்துபோச்சு. ரெண்டு வாய் எங்கூட சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

அந்த நேரம் பார்த்து என் கணவரிடமிருந்து போன். வீடு நிறைய விருந்தாளிகள், எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். "நீங்க ஆரம்பிங்க, நான் இங்க சாப்பிட்டு வர்றேன்" என்று சொல்லி வைத்தேன். ஆட்டோவையும் அனுப்பிவிட்டேன்.

இருவருமாகச் சாப்பிட்டோம். அவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். திருப்பூரில் இருக்கிற மகள், வருடத்துக்கு ஒரு தடவை வருகிற பேரன், அந்தக் காலத்து சீசன் வேலை. "எங்க சூப்பர்வைசரும் உங்களை மாதிரிதான், கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரிவாக. நாங்க முதுகுக்குப் பின்னாடி என்னெல்லாம் பேசுவோம் தெரியுமா" என்று வாரினார். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. கேக்கை மட்டும் அவர் சாப்பிடவில்லை, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்று எடுத்து வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், நான் போட்ட போட்டோவுக்குக் கீழே வரிசையாக 'ஆமென்', 'கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக'. படத்தில் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். காலடியில் என் பெட்டி. உடனே அதை அழித்தேன். அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இப்போதெல்லாம் எங்கள் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வீடுதான். கொடுத்துவிட்டு ஓடிவரக் கூடாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அந்த அக்கா வீட்டுக்கு நான்தான் போகிறேன். போன வருடம் குழம்பில் உப்பு அதிகம் என்று என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு நான் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால், அவர் உதடு கிழிந்து பசியோடு கிடந்திருப்பார், நானோ ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்த நிறைவோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.