சடையன் சுமந்த சக்கரம்

அந்தச் சக்கரத்தைக் கெடுத்தவன் நான். பழியைச் சுமந்தவன் சடையன். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சிக்காலம். காளப்பநாயக்கன்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். கொல்லிமலை மேலே காப்பித் தோட்டம் வைத்திருந்த துரையிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மலைக்கு அப்போது சாலை கிடையாது. வண்டியைத் தனித்தனியாகப் பிரித்து, ஆட்களின் தலைச்சுமையாகத்தான் மேலே கொண்டுபோயிருந்தார்கள். அதன் பின்சக்கரம் பாறையில் மோதி உடைந்தபோது, சக்கரம் மட்டும் என் கடைக்கு இறங்கி வந்தது.

புது ரிம்மில் ஆரக்கம்பிகளைக் கோத்துவிட்டேன். கோட்டம் எடுக்கத்தான் முடியவில்லை. சைக்கிள் சக்கரம் என் விரலுக்குப் பணியும், இது பணியவில்லை. ஒரு பக்கக் கம்பியை முறுக்கினால் மறுபக்கம் பிதுங்கியது. சுற்றிவிட்டால் நேராக ஓடாமல் நெளிந்தது. "எனக்கு வராதுங்க, சேலத்துக்கு அனுப்பிருங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? மோட்டார் சக்கரம் கட்டுகிறவன் என்று ஊரே என்னைப் பேசத் தொடங்கியிருந்தது! தயார் என்று சொல்லியனுப்பினேன்.

சுமக்க வந்தவன் சடையன். மலைமேல் தேவனூர் நாட்டுக்காரன், துரையின் தோட்டத்தில் கூலிவேலை. வண்டியில் மாட்டிக் கொடுக்க நானும் அவனோடு மலையேறினேன். ஓடையருகே பாசிபிடித்த பாறையில் அவன் கால் வழுக்கியது. சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கை அடிபட விழுந்தான். சக்கரம் தரையைத் தொடவே இல்லை. என் கண்ணால் கண்டேன்!

"கை கெடக்குதுங்க சாமி... சக்கரத்துக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றான்.

மேலே போய் மாட்டினேன். துரை சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். நெளிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"இவன் வழியில விழுந்துட்டானுங்க, துரை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை... அதனால் அது பொய் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

ரத்தம் வடிந்த அந்த முழங்கையைத் துரை பார்த்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை. சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"போ! இனி இந்தப் பக்கம் வராதே!" என்றார் துரை.

தோட்டத்து மருந்துக்காரரும் அவனைத் தொட்டுப் பார்க்கவில்லை. சக்கரம் சேலத்துக்குப் போயிற்று. சுமந்தவன் கெடுத்துவிட்டான் என்றுதான் பேச்சு. என் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை.

முறிந்த எலும்பு கோணலாகக் கூடியதால் சடையனின் வலக்கை அதன்பின் நீட்ட வரவில்லை. ஏர் பிடிக்கவும் முடியாமல் போனது. இதையெல்லாம் அப்போது நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க விரும்பவில்லை என்பதே சரி.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு சந்தை நாளில் என் கடைக்கு வந்தான். பலாப்பழக் கூடையோடு அவன் மனைவி பின்னால் நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவனோ, இடக்கையை மட்டும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டான்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேனுங்க. கீழ படலைன்னுதான் நெனச்சேன்... விழுந்த வேகத்துல எங்கியோ பட்டிருக்கோணும். நீங்க பாடுபட்டுக் கட்டுனதக் கெடுத்துப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க சாமி."

அவள் என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வாயைத் திறந்தேன்.

"போகுது விடு, சடையா" என்றேன்.

மன்னித்தேன்... நான், அவனை!

அவன் முகம் தெளிந்தது. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வைக்கும்படி மனைவியிடம் சொன்னான். அவள் வைத்தாள். அன்று வீட்டில் எல்லோரும் அதைச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.