சாங் சார் பிரதி எடுத்த நாற்பது தாள்கள்

செவ்வாய்க்கிழமை காலை, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரத்தில் வேதமூர்த்தி சாரின் மனைவி அழைத்தார். "மேடம், சார் போயிட்டாருங்க. காபி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவருதான். கஷ்டமே படல." அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. கூடவே, தப்பாக நினைக்காதீர்கள், ஒரு நிம்மதியும் வந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் அவரும் நானும் இருபது ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றினோம். அவர் நடத்தியது சீன வரலாறு; அதிலும் சாங் வம்சம் என்றால் மனிதருக்கு உயிர். 'சாங் கிளாஸ்' என்றதும் பாட்டு வகுப்பென்று நம்பி வந்து உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. "பாடச் சொன்னா பாடுவேன், அப்புறம் நீங்கதான் அழுவீங்க" என்பார்.

போரில் அடிக்கடி தோற்ற வம்சம் அது. வடக்குப் பகுதியையே பறிகொடுத்தது. ஆனாலும் அச்சுப் புத்தகம், காகிதப் பணம், கடலில் திசைகாட்டி என்று அவர்கள் சாதித்ததையெல்லாம் அடுக்குவார். துறையூர், திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் மட்டும் நெல்லில் தொடங்குவார். சாங் பேரரசர் ஒருவர் சம்பா என்ற தெற்குத் தேசத்து விதைநெல்லை வறட்சி கண்ட ஊர்களுக்குக் கொடுத்தார். "நம்ம சம்பாவா சார்?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்டுவிடுவார்கள். "பேருதான் ஒண்ணு. நம்ம சம்பா அசைஞ்சு அசைஞ்சு அஞ்சு மாசம் நிக்கும். அது சட்டுனு விளைஞ்சு வீட்டுக்கு வந்துரும்."

என் மகள் கயல் அவர் வகுப்பில் சேர்ந்தபோதுதான் வம்பு வந்தது. எங்கள் துறையில் ஒருவர் நடத்தியதை மற்றவர் திருத்த வேண்டும். ஆண்டுத் தேர்வுக்கு என் முறை. "மேடம் பொண்ணு, மார்க்குக்கு என்ன குறைச்சல்?" என்று அறிவிப்புப் பலகையில் யாரோ எழுதிவிட்டார்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். சார் விடவில்லை.

"ஒதுங்கினா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் மேடம். சாங் காலத்துப் பரீட்சையில பேரை ஒட்டி மறைச்சாங்க. கையெழுத்து தெரியக்கூடாதுன்னு வேற ஆளை வெச்சு விடையைப் பிரதி எடுத்தாங்க. அப்புறம்தான் திருத்துனாங்க. நாமளும் செய்வோம்."

நாற்பது தாள்களையும் தம் கையாலேயே பிரதி எடுத்தார். விரல் வீங்கி, மறுநாள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்.

பதினேழாவது தாளில், "விதைநெல் வந்ததும் ஊருக்கே மூச்சு வந்தது" என்றொரு வரி. வீட்டுக்குப் போய்க் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் 'இப்பத்தான் மூச்சு வந்துச்சு' என்பது என் வழக்கம். ஐயோ, என் பேச்சு! எழுதியது கயல்தான். கண்டுபிடித்துவிட்டேன் என்று சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து, நியாயமாக வரவேண்டியதில் ஏழு மதிப்பெண் குறைத்தேன். கயலுக்கு முதலிடம் கைநழுவிப் போயிற்று. "நல்லாத்தாம்மா எழுதியிருந்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பாவி, நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் அப்படியே ஓடின.

பத்து நாட்களுக்கு முன், புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சாரைப் பார்த்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார்.

"தெரியும் மேடம். எல்லாம் நான் எழுதின தாளாச்சே, எது என்ன மார்க் வாங்கும்னு தெரியாதா? அன்னிக்கே கயலைக் கூப்பிட்டு, மாத்திரவான்னு கேட்டேன். 'வேணாம் சார், மாத்தினா திரும்ப அம்மாவைத்தான் பேசுவாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு வாக்கு வாங்கிட்டா. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க, எனக்கும் விடுதலை." இருமிக்கொண்டே, "கையெழுத்தை மறைக்கத்தான் சாங்குக்குத் தெரிஞ்சுது, அம்மாவை மறைக்கத் தெரியல" என்றார். மறுநாள் வீடு திரும்பிவிட்டார்.

கயலிடம் போனில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாயன்று மாலை, உடலை எடுப்பதற்குள் அவள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். ஸ்ரீரங்கத்து வீட்டில், சாரின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "அன்னிக்கு ஏழு மார்க்கை நான்தாண்டி குறைச்சேன்" என்றேன். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழுதானாம்மா? நான் பத்துன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

அழுதபடியே இருவரும் சிரித்துவிட்டோம். சாரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்திலும் கோபம் இல்லை.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும் என்பார்கள். நான் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். "போயிட்டு வரேன் சார்."