சுண்டுவிரலும் சைக்கிள் ஸீட்டின் சரிவும்

சுட்டது. ஆனால் எனக்குத் தெரியவில்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்த் தவலையின் மேல் என் வலது சுண்டுவிரல் சாய்ந்திருந்தது. "ஏன்னா, கையைப் பாருங்கோ!" என்று என் மனைவி வைதேகி கத்திய பிறகுதான் பார்த்தேன். தோல் கொப்பளித்திருந்தது. விரல் என் கையில்தான் இருந்தது. ஊருக்குப் போய்விட்டவனைப் போல ஒரு சேதியும் அனுப்பவில்லை.

1950களின் நடுவில் நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சியில் தமிழ் வாத்தியார் வேலை, நடுவே காவிரிப் பாலம், அதைக் கடக்க ஒரு சைக்கிள். விரல் மரத்துப் போய் யாரிடமும் சொல்லாமல் இருக்கிற ஒருவர் இதைப் படிக்கக்கூடும். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

திருச்சி புத்தூரில் ஒரு டாக்டரிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவினார். சுண்டுவிரலிலும், மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு முழங்கையின் உட்புறம் அழுத்தித் தேடினார். காது மடலைத் திருப்பிப் பார்த்தார்.

"உடம்புல எங்கயாவது வெளுத்த திட்டு இருக்குங்களா? தொட்டா உணர்ச்சி இல்லாத மாதிரி?"

அவர் சொல்லாத வார்த்தையை நான் சொன்னேன். "குஷ்டமா, டாக்டர்?"

"நான் அப்படிச் சொல்லலைங்க. இல்லைன்னு சொல்றதுக்கும் பரிசோதனை வேணுமில்ல?"

காது மடலில் லேசாகக் கீறி ஊனீர் (இரத்தம் கலவாத திசு நீர்) எடுத்தார்கள். முடிவு பிறகு வரும் என்றார்கள். பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாருக்கும் பத்து விரல் இருந்தது. கீழே ஆறு ஓடிற்றா நின்றதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் என் பாயை வாசலை ஒட்டிய ரேழிக்கு மாற்றினேன். தட்டைத் தனியே எடுத்து வைத்தேன். நாலு வயது மகள் கோதை ஓடி வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

விஷயம் தெரிந்தும் வைதேகி ஒருநாள் பொறுத்தாள். மறுநாள் கேட்டாள்: "டாக்டர் இருக்குன்னு சொன்னாரா?"

"இல்லை."

"அப்போ தட்டை எதுக்கு ஒளிக்கறேள்? என் தட்டையும் அங்கேயே வெச்சுடறேன். ரெண்டு பேருமா ஊரை விட்டுத் தள்ளி இருப்போம். தளிகை யார் பண்ணுவான்னு மட்டும் சொல்லுங்கோ."

சிரிக்க முயன்றேன். வாய் கோணிற்று. முகத்திலும் நோய் வந்துவிட்டதோ என்று கண்ணாடிக்கு ஓடினேன்.

முடிவு வந்தது. கிருமி இல்லை. டாக்டர் மறுபடி பஞ்சை எடுத்தார். புறங்கையில் தெரிந்தது, உள்ளங்கைப் பக்கம் தெரியவில்லை. அப்படியானால் நரம்பு நசுங்குவது மணிக்கட்டுக்குக் கீழேதான் என்றார். என் உள்ளங்கை அடியில் இருந்த காய்ப்பைக் கட்டைவிரலால் அமுக்கினார். சுண்டுவிரல் வரை மின்னல் ஓடியது.

"எதுல சார் வர்றீங்க?"

"சைக்கிள்ல."

"கையால நடந்து வர்ற மாதிரில்ல இருக்கு! ஸீட் தாங்க வேண்டிய பாரத்தைக் கை தாங்குது. வீட்டுல அளந்து பாருங்க."

கூடத்துச் சுவரை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தினோம். ஸீட்டின் மூக்கைக் கக்கத்தில் வைத்துக் கையை நீட்டினால், பெடல் சுழலும் அச்சை விரல் நுனி தொட வேண்டும். வாங்கிய அன்றே அப்படித்தான் அளந்து வைத்தேன். ஏறி உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைக்கப் பார்த்தேன். எட்டவில்லை.

"இடுப்பைச் சாய்க்காதேங்கோ. சாய்ச்சா யாருக்கும் எட்டும்."

நிமிர்ந்தேன். குதிகால் அந்தரத்தில் நின்றது. கை ஹாண்டில்பாரை அமுக்கிக்கொண்டிருந்தது.

வைதேகி என் பின்னால் குனிந்து பார்த்தாள். "அன்னிக்கு எதை அளந்தேள்? தோலையா, கம்பளியையா?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியற்காலை அம்மா மண்டபம் படித்துறையில் தீர்த்தமாடிவிட்டுச் சைக்கிளில் திரும்பிப் பெருமாளுக்கு ஆராதனம் செய்ய வேண்டும். தோல் ஸீட்டில் உட்கார்ந்தால் மடி, அதாவது தீர்த்தமாடிய சுத்தம், போயிற்று. கம்பளிக்குத் தீட்டில்லை. ஆகவே ஸீட்டின் மேல் கம்பளியை மடித்துக் கட்டினேன். அது அமுங்கியபோதெல்லாம் மேலே இன்னொரு மடிப்பு. பின்பக்கம் ஸ்பிரிங்கில் முடிச்சுப் போட்டதால் அங்கே திரண்டு போயிற்று.

என்னை இறங்கச் சொல்லி, அவள் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஸீட்டின் மேல் வைத்தாள். தண்ணீர் முழுவதும் முன்பக்கம் சரிந்து என் காலில் கொட்டியது.

கிருமியல்ல, பாவமல்ல, பரம்பரையல்ல. என் ஆசாரம், மடித்து மடித்து, என்னைத் தினமும் முன்னே தள்ளியிருக்கிறது.

"அவிழ்த்துடலாமா?" என்றேன்.

"அவிழ்த்தா தோல் பட்டு மறுபடி தீர்த்தமாடணும்."

"காவேரிக்கு நடந்து போறேன். ஸ்கூலுக்குத் தோல்."

"பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார். பக்கத்தாத்து மாமிதான் சொல்லுவா" என்று அவளே முடிச்சை அவிழ்த்தாள்.

நீங்களும் அளந்து பாருங்கள். ஏறி உட்காரும்போது எதை விரித்துக்கொள்வீர்களோ அதையும் சேர்த்து அளக்க வேண்டும். தாம்பாளத்துத் தண்ணீர் நடுவில் நிற்கட்டும். ஓட்டும்போது தாளம் போடுகிற அளவுக்கு விரல்கள் லேசாக இருக்கட்டும். அதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். நான் பயந்த அந்த நோயாகவே இருந்தாலும் இப்போது மாத்திரை இருக்கிறது. தட்டை ஒளிக்காதீர்கள்.

நரம்பு மெல்ல மெல்லத்தான் வளரும் என்றார் டாக்டர். அப்படித்தான் வந்தது. முதலில் அரிப்பு, பிறகு எறும்பு, பிறகு வலி. வலித்த அன்று வைதேகி சர்க்கரைப் பொங்கல் பண்ணினாள். ஆனால் முழுதும் திரும்பவில்லை. சுண்டுவிரலுக்குத் தொடுகை தாமதமாக வருகிறது. வந்தால் சீக்கிரம் போவதுமில்லை.

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட அன்று சாயங்காலம் கோதை அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சித்திரை வீதியில் என்னோடு வந்தாள். அவளுடைய பிடியின் சூடு தெரிந்தது. நான் தேர் கதை சொல்லிக்கொண்டே நடந்தேன். வெகுதூரம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா! நான் இங்க இருக்கேன்!"

திரும்பினேன். பூக்கடை வாசலில் நின்றிருந்தாள், எப்போது கையை விட்டாளோ. என் விரலில் அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.